கொழும்புக்கு என்ன ஆகும்?

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போக என்ன ஆகும் என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் நூறு வருடங்களுக்கு மேலாகப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கி, அடுத்த ஆண்டே காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை இந்தத் தடத்தில் விட்டார். அப்போது சண்டையே கட்டணத்தில்தான் நடந்தது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று இறக்கியதும், சுதேசிக் கப்பல் எட்டணாவுக்கு இறங்கியதும், வெள்ளைக்காரக் கம்பெனி இலவசமாக ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்ததும் ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. பள்ளிக்கூடத்தில் இதை நாட்டுப்பற்றுப் பாடமாகப் படித்தேன். கல்லூரி மூன்றாம் ஆண்டில்தான் இது டிக்கெட் விலையைப் பற்றிய பாடமும் என்று உறைத்தது. கடலைக் கடக்க ஆகும் துட்டுதான், யார் கடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

2011 தொடக்கத்தில் அந்தக் கேள்வியை நான் கேட்டபோது கப்பலே கிடையாது. திருச்சிக்கோ சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் விமானம் ஏற வேண்டும். எங்கள் துறைமுகத்திலிருந்து கொழும்பு 152 கடல் மைல். திரேஸ்புரத்தில் நான் பிறந்த வீட்டிலிருந்து பார்த்தால், சென்னை அதைவிட இரண்டு மடங்கு தூரம். அப்பா இளவயதில் தோணியில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய் வந்தவர். அவருக்கு அது வெளிநாடாகவே பட்டதில்லை. கொச்சிக்கடை அந்தோணியார் கோவிலில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்ததைப் பக்கத்து ஊர் போய் வந்த மாதிரிதான் சொல்வார்.

நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் இளநிலை மீன்வள அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். அலங்கார மீன் பாடத்தில் ஏற்றுமதி பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. மீனைப் பையில் அடைப்பது, ஆக்ஸிஜன் நிரப்புவது, விமானத்தில் அனுப்புவது எல்லாம் படத்தோடு போட்டிருந்தார்கள். படத்தில் பார்த்ததைக் கையால் செய்து பார்க்க எங்கள் கரையில் இடமில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே பவளப்பாறை மீனைப் பிடித்து விற்கும் பேச்சுக்கே இடமில்லை, இருக்கவும் கூடாது. எதிர்க்கரையில் அந்தத் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. இலங்கையிலிருந்து நன்னீர் கப்பி மீனும் கடல் அலங்கார மீனும் ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும் போகின்றன. கொழும்புக்கு வடக்கே அப்படி ஓர் ஏற்றுமதி நிலையத்துக்கு, எங்கள் ஆசிரியர் ஒருவரின் அறிமுகத்தோடு கடிதம் எழுதினேன்.

பதில் வந்தது. ஒரு மாதம் வரலாம். ஊதியம் கிடையாது. மதியச் சாப்பாடு உண்டு. தங்குமிடம், விபத்துக் காப்பீடு, கல்லூரியின் அனுமதிக் கடிதம், முட்டளவு ரப்பர் பூட்ஸ் என் பொறுப்பு. வெறும் வருகை விசாவில் வந்து பயிற்சி எடுக்க முடியாது, குடிவரவுத் திணைக்களத்தில் அனுமதிக்கு அவர்களே எழுதுவார்கள், கட்டணம் மட்டும் நான் கட்ட வேண்டும். நேர்மையான கடிதம் அது. எதையும் மறைக்கவில்லை. அதனால்தான் எனக்குக் கணக்குப் போட முடிந்தது.

கல்லூரியில் எல்லோரும் உற்சாகப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. மூத்த ஆசிரியர் ஒருவர், “நம்ம ஊர்ல இல்லாததா அங்க இருக்கு?” என்று கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் இதே தூத்துக்குடிக் கரையில்தான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். 1988-இல் கடல் அட்டைக் குஞ்சுகளை நாட்டிலேயே முதன்முதலாகப் பொரிக்க வைத்ததும் இங்கேதான். ஊர்ப்பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஓர் உயிரை உருவாக்குவது ஒரு கலை. அதைச் சாகாமல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கொண்டுபோய் இறக்குவது வேறொரு கலை. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள அந்தத் தொழில் நடக்கிற இடத்தில் போய் நின்றாக வேண்டும். அவரிடம் அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அனுமதிக் கடிதத்துக்கு அவரே பரிந்துரை எழுதிக் கொடுத்தார்.

இனி துட்டு.

எங்கள் வீட்டில் ஜூன் மாதம் வருமானம் இல்லாத மாதம். கச்சான் காற்று எழும்பிவிட்டால் மாலத்தீவுக்குப் போகிற தோணிகள் பழைய துறைமுகத்தில் வரிசையாகக் கட்டிவிடும். ஆகஸ்ட் முடிகிற வரை அசையாது. அப்பா கயிறு திரிப்பார், தோணிப் பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பத்து வேலை இருந்தால் போவார், அவ்வளவுதான். அம்மா கருவாடு வாங்கி விற்பாள். ஏப்ரல் நடுவில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் அப்போது மே கடைசியில்தான் முடிந்தது, ஆகையால் அவளுக்கும் ஜூனில் கையில் சரக்கு சேர்ந்திருக்காது. அதே ஜூனில்தான் எனக்குக் கல்லூரி விடுமுறை. விடுமுறை விடுகிற மாதத்தில் வீட்டில் காசு இருக்கும் என்ற நினைப்பு சம்பளக்காரர் வீடுகளுக்குப் பொருந்தும். கடலை நம்பிய வீடுகளின் காலண்டர் வேறு. வெளிநாட்டுப் பயிற்சிக்கான அறிவிப்புகளை இன்று பார்க்கும்போதும் எனக்கு முதலில் கண்ணில் படுவது எந்த மாதத்தில் பணம் கட்டச் சொல்கிறார்கள் என்பதுதான்.

நோட்டில் கணக்கு எழுதினேன். பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய், அதற்கு மதுரை போய்வரும் செலவு. திருச்சி வரை பஸ், அங்கிருந்து விமானம் போக வர. ஒரு மாதத் தங்கலும் சாப்பாடும். அங்கே பஸ். காப்பீடு. அனுமதிக் கட்டணம். பூட்ஸ். அப்போது ஒரு டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது. ஒரு இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய 2 ரூபாய் 40 காசு இலங்கைப் பணம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கே ரூபாயை டாலராக மாற்றும்போது ஒரு தட்டு, அங்கே டாலரை அவர்கள் ரூபாயாக மாற்றும்போது இன்னொரு தட்டு. இரண்டு தட்டையும் சேர்த்துக் கணக்கில் ஏற்றினேன். கூட்டினால் 25,000-ஐ நெருங்கியது.

அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியும், மெதுவாகப் படிப்பார். விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துக்கொண்டு கடைசி வரை வந்தார்.

“திரும்பி வார துட்டு எங்க மக்கா?”

“விமான டிக்கெட்ல போக வர சேத்துப் போட்டிருக்கேன்பா.”

“அது டிக்கெட்டு. நான் கேக்கது துட்டு. டிக்கெட்டு செல்லாமப் போனா என்ன செய்வ? முதல்ல திரும்பி வார துட்ட எடுத்து வை. அதத் தொடாத. போற துட்டப் பெறவு பாப்போம்.”

அவர் சொன்னதற்குப் பின்னால் அனுபவம் இருந்தது. கொழும்பில் ஒருமுறை திரும்பச் சரக்குக் கிடைக்காமல் தோணி கட்டிக் கிடந்தபோது, கூடப் போனவர்கள் கைக்கடிகாரத்தை விற்றுச் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்றே நோட்டின் முதல் வரியாக அதை எழுதினேன்: திரும்ப வர 6,000. இந்த வரியால் மொத்தம் 31,000 ஆனது.

கல்விக்கடன் கொடுத்த வங்கியில் கேட்டேன். பாடத்திட்டத்தில் உள்ள கட்டணத்துக்கும் விடுதிக்கும் புத்தகத்துக்கும்தான் கடன் என்றார்கள். வெளிநாட்டுக்குப் பட்டப்படிப்புக்கே போகிறவர்களுக்கு விமானச் செலவு உண்டு; இங்கே படித்துக்கொண்டு ஒரு மாதம் பயிற்சிக்குப் போகிறவளுக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை. பத்து லட்சம் கேட்டிருந்தால் விண்ணப்பப் படிவம் இருந்தது. 31,000-க்குப் படிவம் இல்லை.

அம்மா சேர்ந்திருந்த மகளிர் சுய உதவிக் குழுவில் உள்கடன் 10,000 கிடைத்தது. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. குழுவில் இருந்த பெண்கள் எல்லாரும் கருவாட்டுக் கூடையும் மீன் கூடையும் சுமந்தவர்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் அதுவரை கடன் கொடுத்திருந்தார்கள். கடன் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தலைவி கேட்க, “படிப்பு, கொழும்பு” என்று அம்மா எழுதச் சொன்னாள். ஏலச்சீட்டு ஒன்று பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளி எடுத்தால் கையில் கிடைப்பது குறையும் என்று விட்டுவிட்டாள்.

மீதிக்கு அப்பா ஒரு வழி சொன்னார். தோணி முதலாளியிடம் அடுத்த சீசனுக்கு முன்பணம் வாங்கிவிடலாம். முதலாளி தர மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை. தோணிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அம்மா வாய் திறக்குமுன் ஆச்சி திறந்தாள். “ஒங்க அப்பாவும் இப்பிடித்தாம்ல வாங்குனாரு” என்றாள் அப்பாவைப் பார்த்து.

தாத்தா முத்துக் குளித்தவர். 1955-இல் தொடங்கி 1961 வரை தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை நடக்கவில்லை. வெள்ளைக்காரர் காலந்தொட்டு அரசு நடத்திய முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளித்தவர்களுக்கு. இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அந்த ஒரு பங்கும் குளித்தவன் கைக்கு முழுதாக வருவதில்லை. படகுக்கு, கயிறு பிடிப்பவனுக்கு, முன்பணம் கொடுத்த சம்மாட்டிக்கு என்று பிரியும். சிப்பியைத் திறந்து பார்க்குமுன்பே விற்றுவிட வேண்டிய நெருக்கடி முன்பணம் வாங்கியவனுக்கு. உள்ளே முத்து இருந்ததா இல்லையா என்று அவன் அறியவே மாட்டான். ஆச்சி இதை வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னாள். முன்பணம் வாங்கினால் அடுத்த சீசனில் தோணி மாற முடியாது, கூலி பேச முடியாது, உடம்பு சரியில்லை என்றாலும் ஏறியாக வேண்டும். “ஆளை அடகு வைக்காத. இந்தச் செயின வை” என்று அம்மாவின் கழுத்தைக் காட்டினாள்.

எந்தக் கடன் வாங்கலாம், எது கூடாது என்று அன்று அந்தத் திண்ணையில் கற்றுக்கொண்டதை எந்த நிதி ஆலோசகரும் எனக்குச் சொன்னதில்லை. கடனின் வட்டியை மட்டும் பார்க்கக் கூடாது. கடன் யாருடைய கையைக் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது. பவுன் விலை 16,000-ஐத் தாண்டியிருந்த நேரம், அதனால் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. எங்கள் வீட்டுக்குத் தங்க விலையேற்றம் நல்லது செய்த ஒரே சந்தர்ப்பம் அதுவாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் கப்பல் செய்தி வந்தது. தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல், ஸ்கோஷியா பிரின்ஸ். அந்த ஆண்டுதான் துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்திருந்தார்கள். அவர் பெயர் வந்த அதே ஆண்டில் அவர் கப்பல் விட்ட தடத்தில் மறுபடி கப்பல். 2011 ஜூன் 13 அன்று முதல் பயணம். ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், வாரத்துக்கு இரண்டு நடை, மாலையில் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. கீழ் வகுப்புக் கட்டணத்தை விசாரித்துக்கொண்டு வந்து நோட்டில் விமான வரியை அடித்துவிட்டு எழுதினேன். ஏறக்குறையப் பாதி மிச்சம். திருச்சி பஸ் செலவும் இல்லை, வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு ஆட்டோதான். ஊரில் பலரும் அந்தக் கப்பலைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசினார்கள். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, மனக்கசப்பு இருந்தது, மீனவர்கள் பிடிபடும் செய்திகளும் நிற்கவில்லை. எல்லாம் உண்மை. எங்கள் வீட்டில் அந்தக் கப்பலால் அம்மா செயினோடு வளையலையும் வைக்க வேண்டிய தேவை போனது. அதுவும் உண்மை.

“ஜூலை 26 கொடியேத்தத்துக்குள்ள வந்துரணும்” என்பது மட்டும் அம்மா போட்ட நிபந்தனை. பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5 வரை. அந்த நாட்களில் பிள்ளை வெளியூரில் இருப்பது எங்கள் தெருவில் நடக்காத காரியம்.

கப்பலில் ஏறிய இரவு கடல் கொந்தளிப்பாகத்தான் இருந்தது. ஜூன் கடல் அப்படித்தான். கூட வந்தவர்களில் பாதிப் பேர் துணி வியாபாரிகள், சிலர் வேளாங்கண்ணிக்கும் மதுரைக்கும் வந்து திரும்புகிற இலங்கைக் குடும்பங்கள். கப்பல் போகும் வழியில் எங்கோ கீழே தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் கிடக்கும் என்று தெரியும். அதைப் பற்றி யோசிக்கிற நிலையில் வயிறு இல்லை.

கொட்டாஞ்சேனையில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பரதர் வீட்டில் தங்கினேன். தூத்துக்குடியிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் போய்க் குடியேறியவர்கள். அந்த வீட்டு மாமி வாடகை முன்பணம் கேட்கவில்லை, மாதக் கடைசியில் வாங்கிக்கொண்டார். இந்த ஒரு சலுகையால் முதல் வாரத்தில் என் கையிலிருந்த டாலரை ஒரேயடியாக மாற்ற வேண்டியிருக்கவில்லை. காலையில் இடியப்பமும் சொதியும், இரவில் பாணும் பருப்பும். நீர்கொழும்பு சாலைப் பேருந்தில் களனி ஆற்றைத் தாண்டி வேலை இடத்துக்குப் போவேன்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவ்வளவு துட்டும் அதற்காகத்தான்.

நீளமான கொட்டகை. இரு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள், அடுக்கடுக்காக. கடலிலிருந்து குளிப்பவர்கள் கொண்டுவரும் மீனை நேரே தொட்டியில் விடக் கூடாது. வாளியில் வைத்து, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். உப்பின் அளவும் வெப்பமும் மெதுவாக ஒத்துப்போகும். அவசரப்பட்டால் மீன் உடனே சாகாது. இரண்டு நாள் கழித்துச் சாகும், அதற்குள் காரணத்தை மறந்துவிடுவோம். ஏற்றுமதி நாளுக்கு முன்னால் மீனுக்குத் தீனி நிறுத்துவார்கள். வயிறு காலியாக இருந்தால்தான் பையின் தண்ணீர் கெடாது.

பொதி கட்டுவது இரவில் நடக்கும். கட்டுநாயக்காவிலிருந்து பின்னிரவில் விமானம். எனக்குச் சொல்லிக் கொடுத்தது நீர்கொழும்புக்காரப் பெண் ஒருவர். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே மூச்சில் பேசுவார். இரண்டு பாலிதீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, அடிமூலைகள் இரண்டையும் மடக்கி ஒட்டிவிட வேண்டும். “மூலையைக் கட்டுங்க தங்கச்சி, இல்லாட்டி சின்ன மீன் அதுக்குள்ள போய்ச் சிக்கிச் செத்துப் போகும்” என்று முதல் நாளே சொன்னார். பாடப்புத்தகத்தில் மூலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்ஸிஜன். ரப்பர் வளையத்தைக் கழுத்தில் போட்டு முறுக்கி, மடித்து, மறுபடி முறுக்க வேண்டும். பையைத் தட்டினால் இறுக்கமான சத்தம் வர வேண்டும். முள் உள்ள மீனுக்குப் பைகளுக்கு நடுவே செய்தித்தாளைச் சுற்றுவார்கள். பிறகு தெர்மோகோல் பெட்டி, மூடி, டேப்.

இரண்டாவது வாரத்தில் கணக்கு மேசையில் உட்கார வைத்தார்கள். அங்கேதான் இந்தத் தொழிலின் உயிர் எங்கே இருக்கிறது என்று புரிந்தது. பல பொதிகளில் மீனின் விலையைவிட விமானச் சரக்குக் கட்டணம் அதிகம். அனுப்புவது பெரும்பாலும் தண்ணீரின் எடை. ஒரு பையில் எத்தனை மீன் என்பதைக் கூட்டினால் ஒரு மீனுக்கு விழும் கட்டணம் குறையும். அளவு தாண்டினால் போய்ச் சேரும்போது செத்திருக்கும், வாங்குபவர் பணத்தைக் கழிப்பார். எந்த இனத்துக்கு எத்தனை, எத்தனை மணி நேரப் பயணத்துக்கு எத்தனை என்று அவர்கள் வருடக்கணக்காக எழுதி வைத்திருந்த பேரேடு இருந்தது. அதைப் பார்க்க அனுமதித்தார்கள், நகல் எடுக்க அனுமதிக்கவில்லை. அவர்கள் சொத்து அது. ஒவ்வொரு வரியையும் ஏன் அப்படி என்று கேட்டேன், பதில் சொன்னார்கள். பின்னாளில் இங்கே கோமாளி மீன் வளர்ப்பவர்களுக்குப் பொதி கட்டக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு நான் வந்தபோது, கைவசம் இருந்த பாடம் அந்த மேசையில் கேட்ட ‘ஏன்’களுக்குக் கிடைத்த பதில்கள்தான்.

மிச்சம் பிடிப்பதிலேயே மனது கிடந்தால் கற்றுக்கொள்ள முடியாது என்பதையும் அங்கே கண்டேன். என்னோடு பயிற்சிக்கு வந்திருந்த உள்ளூர் மாணவன் ஒருவன் இரவுப் பொதிக்கு இருக்க மாட்டான். கடைசி பஸ் போய்விட்டால் ஆட்டோவுக்குக் காசில்லை. பகலில் தொட்டி கழுவிவிட்டுப் போய்விடுவான். பயிற்சியின் சாரமே இரவில் நடந்தது. நான் இருக்க முடிந்ததற்குக் காரணம் அப்பாவின் 6,000. அதைத் தொடவில்லை, ஆனால் அது இருக்கிறது என்ற தைரியத்தில் மற்றதைச் செலவழித்தேன். இரவு ஆட்டோவுக்கு யோசிக்காமல் கொடுத்தேன். ஊதியமில்லாப் பயிற்சி எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு என்று சொல்பவர்களிடம் அந்தப் பையனைப் பற்றித்தான் சொல்வேன்.

கொடியேற்றத்துக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்தேன். 6,000 பத்திரமாகத் திரும்பி வந்தது, குழுக் கடனுக்கு முதல் தவணையாகப் போனது. செப்டம்பரில் தோணி ஓடத் தொடங்கி, அடுத்த கச்சான் எழும்புவதற்குள் செயினும் வீடு வந்தது. அதுவரை அம்மா கறுப்புக் கயிற்றில் மாதா பதக்கத்தைக் கோத்துப் போட்டிருந்தாள்.

கப்பல் நவம்பரோடு நின்றுபோனது. ஐந்து மாதம். பயணிகள் போதவில்லை, கட்டுபடியாகவில்லை என்றார்கள். எனக்கு அடுத்த பேட்ச்சில் இரண்டு பெண்கள் அதே இடத்துக்குப் போக எழுதி, சம்மதமும் வாங்கியிருந்தார்கள். ஒருத்தி உப்பளத் தொழிலாளியின் மகள். கப்பல் கட்டணத்தை வைத்துப் போட்ட கணக்கு விமானக் கட்டணத்துக்கு எட்டவில்லை. இருவருமே போகவில்லை. 2012-இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் வந்தது. அதில் கட்டணம் நாளுக்கு நாள் மாறும். கையில் காசு சேர்ந்த அன்று விலை ஏறியிருக்கும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கியபோது ஒரு வழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். காங்கேசன்துறையில் இறங்கி அங்கிருந்து கொழும்புக்கு ஒரு நாள் பயணம் வேறு. அது சுற்றுலாவுக்கு உதவலாம். மாணவிக்கு உதவாது.

ஐரோப்பாவில் 1987-இலிருந்து எராஸ்மஸ் திட்டம் இருக்கிறது. 2007 முதல் வேலைப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கும் அதில் உதவித்தொகை உண்டு. ஆஸ்திரேலிய அரசு 2014-இல் புதிய கொழும்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கித் தன் நாட்டு இளநிலை மாணவர்களை ஆசிய நாடுகளுக்குப் படிக்கவும் பயிற்சி பெறவும் பணம் கொடுத்து அனுப்புகிறது. இலங்கையும் இந்தியாவும் அதில் உண்டு. அதாவது பெர்த்திலிருந்து ஒரு மாணவி கொழும்பில் வந்து பயிற்சி பெற அவள் அரசாங்கம் செலவழிக்கிறது. 152 கடல் மைலில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் அம்மாவின் செயினை வைக்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வர வேண்டிய கோபம்தான்.

நம் நாட்டிலும் பயணச் செலவு கொடுக்கும் திட்டங்கள் ஆங்காங்கே இருக்கின்றன. பலவற்றில் முதலில் நீங்கள் செலவழிக்க வேண்டும், திரும்பி வந்து ரசீது கொடுத்தால் மாதங்கள் கழித்துப் பணம் வரும். கையில் 30,000 இருப்பவர்களுக்கு அது நல்ல திட்டம். இல்லாதவர்களுக்கு அது கடன் வாங்கச் சொல்லும் உத்தரவு. தொகையைக் கூட்டுவதைவிட, அதே தொகையைப் புறப்படுமுன் கொடுப்பது எங்களைப் போன்ற வீடுகளுக்கு எவ்வளவோ மேல்.

எங்கள் பேட்ச்சில் வேலைக்குப் போன சிலர் சேர்ந்து சில வருடங்களாக ஆண்டுக்கு ஒருவருக்கு வட்டியில்லாக் கடன் தருகிறோம். மே மாதமே கொடுத்துவிடுவோம், ஜூனுக்குக் காத்திருப்பதில்லை. ரசீது கேட்பதில்லை. நோட்டில் எழுதிய கணக்கைக் காட்டச் சொல்வோம், வீட்டில் வேறு என்ன அடகு வைக்கிறீர்கள் என்று கேட்போம், அப்பாவோ அண்ணனோ முதலாளியிடம் முன்பணம் வாங்குவதாக இருந்தால் அந்தத் தொகையையும் நாங்களே சேர்த்துக் கொடுப்போம். வேலை கிடைத்து ஒரு வருடம் கழித்துத் திருப்பினால் போதும். இந்த ஆண்டு தருவைகுளத்திலிருந்து ஒரு மாணவி, தாய்லாந்தில் இறால் குஞ்சுப் பொரிப்பகம் ஒன்றுக்குப் போகிறாள். கணக்கு 68,000 வந்தது. எங்களிடம் இருந்தது 40,000. மீதிக்கு அவள் ஆசிரியர் ஒருவரும் ஊர் விசைப்படகுக்காரர் ஒருவரும் சேர்ந்திருக்கிறார்கள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று விண்ணப்பங்கள் என் மேசையில் இருக்கின்றன. அந்த மூவருக்கும் எங்களிடம் பணம் இல்லை.